ரன்னுன்னா ஓடு மட்டும்தானா?

மகளுக்கு ஸ்கூல்ல இங்கிலீஷ் வினைச்சொல் பட்டியல் குடுத்திருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல ஒரே ஒரு அர்த்தம். ரன் என்றால் ஓடு, கட் என்றால் வெட்டு. கடகடன்னு ஒப்பிக்கிறா. ஒரு வாக்கியம் சொல்லுன்னா வாயைத் திறக்கல. இப்படியே படிச்சு சேலத்துக்குக் காலேஜ் போற எங்க பொம்மிடிப் பிள்ளைங்க, முதல் வருசம் பூரா கடைசி பெஞ்சுல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க.

நம்ம 'ஓடு'வையே பாருங்க. மோட்டார் ஓடுது, வாய்க்கால்ல தண்ணி ஓடுது, மூணுவாரமா படம் ஓடுது. மூணுக்கும் ரன் செல்லும். ஆனா மூக்கு அவங்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். எலெக்‌ஷன்ல அமெரிக்காக்காரங்க ஓடுவாங்க, நாம நிப்போம்! ரயில் இன்னும் வந்தே சேரல, ஸ்டேஷன் மைக்குல 'ரன்னிங் லேட்'னு சொல்லுவாங்க. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிக்காரங்க 2011 வாக்குல எண்ணினப்ப, ரன்னுங்கிற வினைக்கு மட்டும் 645 பொருள் வந்துச்சாம்.

கட் இதுக்கு நேர்மாறு. கரும்பை வெட்டுறோம், புல்லை அறுக்கிறோம், வெங்காயத்தை நறுக்குறோம், முருங்கைக் கிளையைக் கழிக்கிறோம். அவங்களுக்கு எல்லாத்துக்கும் கட் போதும். வேலைக்கு ஒரு சொல் வச்சிருக்கிறது நாமதான், அதுல எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதனால இப்ப அவ நோட்டுல தனிச்சொல் எழுதுறதில்ல. எது ஓடுது, எதை வெட்டுறோம்னு சேர்த்தே எழுதுறா.

"தக்காளி பறிக்க என்னப்பா?"

"பிக்."

"பூ பறிக்க?"

"அதுக்கும் பிக். மூக்கு நோண்டவும் பிக்தான்."

சிரிச்சுக்கிட்டே மூணையும் எழுதிக்கிட்டா.