தேவதானம் தோப்புகளும் மலையிலிருந்து இறங்கும் மான்களும்

இராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் தெற்கே போனால், சேற்றூரைத் தாண்டியதும் தேவதானம் வருகிறது. வலது பக்கம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை. கோயிலுக்கு விடப்பட்ட நிலம் என்பதே ஊர்ப் பெயரின் பொருள். இங்குள்ள சிவனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். பகை மன்னன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

கோயிலைச் சுற்றி நெல் வயல்கள். மேற்கே போகப் போகத் தென்னையும் மாவும். அதற்கும் மேலே சாஸ்தா கோயில் அணை. அதைத் தாண்டினால் காடு. இந்த மலைப் பகுதி 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021இல் மேகமலையையும் சேர்த்து திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. மலை உச்சிகளில் வரையாடும், கீழே மிளாவும் புள்ளிமானும் உண்டு.

கோடையில் காட்டு ஓடைகள் வற்றினால் மான்கள் தண்ணீர் தேடித் தோப்புக்கு வரும். சொட்டுநீர்க் குழாய் கசியும் இடத்தில் நக்கிக் குடிக்கும். இரவில் அவிழ்த்துவிட்ட நாய்கள் துரத்தினால் திசை தெரியாமல் ஓடி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழும். இப்படித்தான் அடிவாரத் தோப்புகளில் சில நாள் விடியும்போது ஒரு மான் செத்துக் கிடக்கிறது.

தோட்டக்காரர் முதலில் பார்ப்பார். பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள். "சூடு ஆறலை அண்ணாச்சி. வயித்தைக் கிழிக்க வேண்டாம். தொடையும் முதுகுக் கறியும் மட்டும் எடுத்துக்கிட்டா யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் சொல்வார். குடும்பத்தையும் ஆட்டு மந்தையையும் பாதிக்கிற முடிவு அந்த இடத்தில்தான் எடுக்கப்படுகிறது.

வயிற்றைத் திறக்காமல் கறி எடுக்கும் முறை புதிதல்ல. அமெரிக்க மலைக்காடுகளில் உரிமம் வாங்கி வேட்டையாடுகிறவர்கள் இதைச் செய்கிறார்கள். மானை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுத் தோலைக் கீறி, முன் சப்பை, பின் தொடை, முதுகுக் கறி ஆகியவற்றை வெளியிலிருந்தே அறுத்து எடுத்துவிட்டுக் குடலையும் எலும்புக்கூட்டையும் அங்கேயே விடுகிறார்கள். சுமை குறையும், குடல் கிழிந்து சாணம் கறியில் படாது. மான்களின் மூளையைத் தாக்கும் ஒரு நோய் அங்கே இருப்பதால் மூளையையும் முதுகுத்தண்டையும் வெட்டாமல் விடுவதும் ஒரு காரணம். ஆனால் அவர்கள் அறுப்பது, உயிரோடு நடமாடியதைக் கண்ணால் பார்த்துச் சுட்ட மானை. தோப்பில் தானாகச் செத்துக் கிடக்கும் மானுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முதல் தடை சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடக் கூடாது. செத்துக் கிடந்த மானும் அரசின் சொத்துதான். அது ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். கறியை வைத்திருப்பதும் குற்றம். சரணாலயத்துக்குள் வேட்டையாடியதாக வழக்கானால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. "நான் கொல்லவில்லை, கிடந்ததை எடுத்தேன்" என்று சொன்னால் வழக்கு போய்விடாது.

இரண்டாவது தடை நோய். மான் எதனால் செத்தது என்று பார்த்தவுடன் தெரியாது. காட்டுப்பன்றிக்கு வைத்த நஞ்சைத் தின்றிருக்கலாம். அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோயாகவும் இருக்கலாம். அடைப்பானில் கால்நடை திடீரென்று சாகும். வயிறு சீக்கிரம் உப்பும், உடல் விறைக்காது, மூக்கு, வாய், ஆசனவாயில் கறுத்த இரத்தம் உறையாமல் வடியும். எல்லா அடையாளமும் எப்போதும் தெரியும் என்று நம்பவும் முடியாது.

உடலை அறுக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் அடைப்பான் கிருமி அழுகலில் பெரும்பாலும் செத்துவிடும். கத்தி பட்டு இரத்தம் வெளியே வந்து காற்றுப் பட்டால், அந்தக் கிருமி கெட்டியான வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். பிறகு அங்கே மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நோய் வரும். அறுத்தவர் கையில் நடுவில் கறுத்த புண் வரலாம். கறி தின்றவர் குடல் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வயிற்றைத் தொடாததால் கறி சுத்தம் என்பது தவறு. தொடையிலும் அதே இரத்தம்தான் ஓடுகிறது.

நல்ல ஆட்டை அறுக்கும்போது வயிற்றைத் திறந்து பார்ப்பதுதான் பாதுகாப்பு. கொடைக்கு ஆடு அறுத்துக் கூறு போடும்போது, முந்தைய இரவு தீனி நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுப்பார்கள். அறுத்ததும் இரத்தம் முழுக்க வடிய விட்டு, தொங்கவிட்டு உரித்து, குடலின் இரு முனையையும் கட்டித் தாமதிக்காமல் வெளியே எடுக்க வேண்டும். நம் வெயிலில் இரைப்பைத் தீனி சீக்கிரம் பொங்கும். பிறகு ஈரலையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். ஈரலில் தட்டைப்புழு இருக்கிறதா, நீர்க்கட்டி இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நீர்க்கட்டியை நாய்க்குப் போடக் கூடாது; நாய் வழியாக அந்தப் புழு மனிதருக்கும் வரும். அதைப் புதைக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், நலமாக நின்ற ஆட்டை அறுத்தால் திறந்து பார்க்க வேண்டும். தானாகச் செத்ததை, மானோ ஆடோ, எந்த இடத்திலும் அறுக்கக் கூடாது.

தோப்பில் மான் செத்துக் கிடந்தால் செய்ய வேண்டியவை எளிது. தொடாமல், இழுக்காமல், நாயையும் ஆட்டையும் விலக்கி வைத்து, வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்ல வேண்டும். சொந்த ஆடு மாடு திடீரென்று செத்தால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண். அடைப்பான் என்று அவர் சொன்னால் உடலை அறுக்காமல் ஆறடி ஆழத்தில் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். மீதி மந்தைக்குத் தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

மான் சாகாமல் இருக்கவும் வழி உண்டு. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டலாம். இராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் இரவில் கட்டிப் போடலாம். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதை அறவே விட வேண்டும். அதில் மானோடு மனிதரும் சாகிறார்கள். நஞ்சாடையின் கதை சொல்லும் ஊரில், பார்வைக்கு நன்றாக இருப்பதெல்லாம் நல்லதல்ல என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.