ஆளில்லாத மேஜை

செஞ்சிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "தேசிங்கு ராஜா கோட்டையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ராஜாவைவிட அவன் குதிரைக்குத்தான் அங்கே செல்வாக்கு. டில்லி பாதுஷாவிடமிருந்த அடங்காக் குதிரையை அடக்கி ஓட்டி வந்தான் என்று கதைப்பாடல் சொல்கிறது. குதிரையின் பெயர் பாராசாரி. தேசிங்கு 1714-ல் போரில் மாண்டான். ஓடிய குதிரையின் பெயரை முந்நூறு வருஷங்களாக ஜனங்கள் மறக்கவில்லை. ஓடுகிற பெண்ணின் பெயரை எத்தனை நாள் வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

ஓ. பி. ஜெய்ஷா என்ற பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "ரியோவில் தண்ணீர் கிடைக்காமல் விழுந்தாரே, அவர்தானே?" என்பீர்கள். அவரேதான். அதற்கு முன்னால் அவர் ஓடிய பத்து, பன்னிரண்டு வருஷங்களை அந்த ஒரு நாள் விழுங்கிவிட்டது.

செஞ்சியில் நான் தங்கிய வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். தூர ஓட்டம் ஓடுகிறாள். விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலை சாலையில் அவள் ஓட, பின்னாலேயே மொபெட்டில் அப்பா போவார். வண்டியில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "வயசுப் பொண்ணு ரோட்டுல ஓடுறத ஊரே வேடிக்கை பாக்குதுண்ணே. நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் முறையிட்டாள். நான் சொல்லவில்லை. சொன்னாலும் அந்தப் பெண் கேட்கிற ஜாதி இல்லை.

ஜெய்ஷாவைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவள் அவள்தான். வயநாட்டில் ஏழை வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் பசிக்கு மண்ணைத் தின்றதாக ஜெய்ஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 5000 மீட்டரில் வெண்கலம். எட்டு வருஷம் கழித்து இன்சியானில் 1500 மீட்டரில் மறுபடி வெண்கலம். அதற்கப்புறம்தான் மாரத்தான். 2015 ஆகஸ்டில் பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிஷம் 43 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார்.

எண்களைச் சொன்னால் நமக்கு உறைப்பதில்லை. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்தும் நிற்காமல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடினால் மாரத்தான் தூரம் ஆகும். கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் 40 விநாடி வீதம் ஓடினால்தான் ஜெய்ஷாவின் கணக்கு வரும். நம்மில் பலருக்கு ஒரு கிலோமீட்டரை அந்த வேகத்தில் முடிப்பதே பகற்கனவு. 2019-ல் மும்பையில் சுதா சிங் உயிரைக் கொடுத்து ஓடியும் அந்த நேரத்துக்கு 13 விநாடி பின்தங்கித்தான் வந்தார்.

இவ்வளவும் செய்த ஜெய்ஷா, மாரத்தானில் தமக்கு நாட்டமே இல்லை, 1500 மீட்டர்தான் பிடிக்கும் என்று பிறகு சொன்னார். பிரியமில்லாத ஓட்டத்தில் தேசிய சாதனை! நாம் பிரியப்பட்ட வேலையில்கூட என்னத்தைக் கிழித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

இனி அந்த 2016 ஆகஸ்டு 14. வழியில் அந்தந்த நாட்டார் தங்கள் வீரர்களுக்குத் தண்ணீரும் பானமும் வைத்துக் கொடுக்க மேஜைகள் உண்டு. நம் மேஜைகளில் தேசத்தின் பெயரும் கொடியும் இருந்தன, ஆள் இல்லை என்றார் ஜெய்ஷா. கேட்டோம், அவரும் பயிற்சியாளரும்தான் வேண்டாம் என்றார்கள் என்றது தடகள சம்மேளனம். விசாரணைக் குழு போட்டார்கள். இரு தரப்பையும் படித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றே சொல்லியிருக்கட்டும். கொளுத்துகிற வெயிலில் நம் வீட்டுப் பெண் 42 கிலோமீட்டர் ஓடும்போது, வேண்டாம் என்றாளே என்று ஒரு சொம்பு தண்ணீர்கூட வைக்காமல் இருப்போமா?

கோட்டையில் ராஜகிரிப் படிகளை மூச்சு வாங்க ஏறியபோது இதுதான் மனசில் ஓடியது. அந்த உச்சியில் ஊற்று இருக்கிறது. மழைநீரைத் தேக்கும் குளங்கள் இருக்கின்றன. கீழே கல்யாண மகாலுக்குச் சுட்ட மண்குழாய்களில் தண்ணீர் வந்திருக்கிறது. 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டும் கோட்டை தாக்குப் பிடித்ததென்றால் இவற்றுக்கும் அதில் பங்குண்டு. (தளபதி சுல்பிகார்கானுக்கே அவசரமில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.) உள்ளே இருப்பவனுக்குத் தாகம் எடுக்கும் என்று கட்டினவன் முன்கூட்டியே நினைத்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பாவம், பாதியில் விழுந்துவிட்டார்" என்று யாரோ சொன்னதை அவளிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாதியில விழலை மாமா. 2 மணி 47 நிமிஷம் 19 விநாடி. எண்பத்தொன்பதாவது இடம். கோட்டைத் தாண்டின அப்புறம்தான் விழுந்தாங்க" என்றாள்.

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாருடி விழுந்தது?" என்று கேட்டாள். அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.