எட்டு சாய்சதுரம்

அன்புள்ள தம்பி,

பாப்பா 4 × 2/3 = 8/12 என்று எழுதியதற்குத் திட்டினாயாமே, அம்மா சொன்னாள். இனிமேல் திட்டாதே. சமான பின்னம் கண்டுபிடிக்க மேலும் கீழும் பெருக்கச் சொன்னது நாம்தானே? அதையே இங்கேயும் செய்திருக்கிறாள். ஆனால் 8/12-ஐச் சுருக்கினால் மறுபடியும் 2/3தான். நாலு மடங்கு எடுத்தும் எதுவும் கூடவில்லை. இதை வாயால் விளக்காதே, அவள் கையாலேயே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் போதும். கவராயத்தில் 4 செ.மீ. ஆரம் வைத்து வட்டம் போடு. அதே ஆரத்தால் வட்டத்தின் மேல் குறித்துக்கொண்டே போனால் ஆறாவது முறை புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிடும். புள்ளிகளைச் சேர்த்தால் அறுகோணம். இப்படிப் பத்து செய்துகொள். ஆறை அப்படியே வை. மற்ற நான்கிலும் மையத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு மூலைக்குக் கோடு இழுத்து வெட்டினால், ஒவ்வொன்றிலும் மூன்று சாய்சதுரம் கிடைக்கும். ஒரு சாய்சதுரம் என்பது 1/3. அமெரிக்காவில் 1960களில் இதே வடிவங்களை மரக்கட்டைகளாகச் செய்தார்கள். கடையில் வாங்குவதைவிட வெட்டிச் செய்வதே எனக்குப் பிடிக்கும். வெட்டும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இரண்டு சாய்சதுரத்தை எடுத்து வைக்கச் சொல். அது 2/3. அதேபோல் நாலு தடவை வைத்தால் எட்டு. அவற்றை முழு அறுகோணங்களின் மேல் அடுக்கட்டும்: இரண்டு நிரம்பி, இரண்டு துண்டு மிஞ்சும். 8/3, அதாவது 2 2/3. துண்டின் எண்ணிக்கைதான் கூடியது, எந்தத் துண்டும் சிறுத்துப் போகவில்லை. கீழே உள்ள 3 ஏன் மாறவில்லை என்று அப்போது கேள். அவளே சொல்லுவாள், அவசரப்பட்டு நீ சொல்லிவிடாதே.

அடுத்து 6 × 2/3. பன்னிரண்டு சாய்சதுரமும் சேர்ந்து நாலு அறுகோணத்தை நிரப்பும். பிறகு ஆறு முழு அறுகோணங்களை இரண்டிரண்டாக மூன்று குவியலாக்கி, இரண்டு குவியலை எடுக்கச் சொல்: ஆறில் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் நாலுதான். செய்த வேலை வேறு, விடை ஒன்று. எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ஆறைப் பெருக்கினோம், ஆறைவிடக் குறைவாக வந்திருக்கிறது. பெருக்கினால் பெருகும் என்று இரண்டாம் வகுப்பிலிருந்து நம்பி வந்த பிள்ளை இங்கே கட்டாயம் தடுமாறும். தடுமாறட்டும், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திரு.

ஒன்றை மட்டும் மறக்காதே. எது ‘முழு’ என்பதை ஒவ்வொரு முறையும் அவள் வாயால் சொல்லவை. இரண்டு அறுகோணம் சேர்ந்ததுதான் ஒரு முழு என்று வைத்தால் அதே சாய்சதுரம் 1/6 ஆகிவிடும்.

பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவதை இப்போதே தொடங்கிவிடாதே. அதற்குக் கட்டம் போட்ட செவ்வகம்தான் தோது. பொங்கலுக்கு வரும்போது நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அக்கா