மூன்று லேப்டாப், ஒரே முகவரி

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடி அறை. கீழே பூட்டுப் பட்டறை. பகல் முழுக்க அரம் தேய்க்கிற சத்தம். பழகிவிட்டால், சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்! மேலே குடியிருந்தவர்கள் இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் மூன்று பேர். மூவரிடமும் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு, பேசட்டும். அந்த மூன்றையும் இணைத்து ஒரே கணினி போல வேலை செய்ய வைப்பதுதான் இவர்களின் பிராஜெக்ட்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். மூவரில் ஒருவனின் அப்பா ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டு போகிறவர். அன்றைய காய்கறி விலையைச் செல்போனில் காட்டும் ஒரு பக்கத்தை இவர்கள் செய்திருந்தார்கள். ஒரு லேப்டாப் அணைந்தாலும் அந்தப் பக்கம் அணையக் கூடாது. அதற்காகக் குபர்நெட்டிஸைப் பிடித்தார்கள். கூகுள் 2014-ல் வெளியிட்ட மென்பொருள் அது. பழைய லேப்டாப் அதன் கனத்தைத் தாங்காது என்பதால், அதன் ஒல்லியான தம்பி கே3எஸ்.

இதில் ஒவ்வொரு நிரலும் கன்டெய்னர் என்ற டப்பாவுக்குள் ஓடும். டப்பாக்களுக்குத் தனி ஐபி முகவரி உண்டு. முதல் லேப்டாப்பில் இருப்பவை 10.42.0 என்று தொடங்கும், இரண்டாவதில் 10.42.1, மூன்றாவதில் 10.42.2. ஆனால் அறையில் இருந்த வைஃபை ரூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் 192.168 என்று தொடங்கும் முகவரிகள்தான். பத்தில் தொடங்கும் கடிதத்தை அதனிடம் கொடுத்தால் முழிக்கும்.

இங்கேதான் பிளானல் வருகிறது. டப்பாவின் கடிதத்தை அப்படியே இன்னொரு உறைக்குள் போட்டு, உறைமேல் ரூட்டருக்குப் புரிகிற முகவரியை எழுதி அனுப்பும். போய்ச் சேர்ந்த இடத்தில் உறையைப் பிரித்து உள்ளே இருப்பதைக் கொடுத்துவிடும். இந்த உறை முறைக்கு விஎக்ஸ்லேன் என்று பெயர். உறைக்கு 50 பைட் இடம் போகும், அதனால் 1500 பைட் போகிற பாதையில் உள்கடிதம் 1450-க்குள் இருக்க வேண்டும். லினக்ஸில் பிளானல் இதற்குப் பயன்படுத்தும் வாசல் யுடிபி 8472.

ரெவ்யூவுக்கு முந்தின நாள் மாலை எல்லாம் தயார். மூன்று லேப்டாப்பும் 'ரெடி' என்று காட்டின. பக்கத்தைத் திறந்தால்... ஒருமுறை வருகிறது, இருமுறை தொங்குகிறது. ஒரே லேப்டாப்புக்குள் இருக்கும் டப்பாக்கள் நன்றாகப் பேசிக்கொள்கின்றன. பக்கத்து லேப்டாப்பில் இருப்பதோடு ஒரு வார்த்தை கிடையாது. லேப்டாப்புகளுக்கு இடையில் பிங் மட்டும் ஜோராகப் போகிறது!

இந்த ரெவ்யூவில் விழுந்தால் அடுத்த செமஸ்டர்தான். மூவரில் ஒருவன் வேலையில் சேர வேண்டிய தேதி அதற்கு முன்னால் இருந்தது. ஃபயர்வாலை அணைத்தார்கள், பயனில்லை. உறை பெரிதாகிவிட்டதோ என்று சின்னப் பொட்டலமாக அனுப்பினார்கள், அதுவும் போகவில்லை. "உன் ரூட்டர்தான்டா ஓட்டை" என்று ஒருவன் ஆரம்பிக்க, நட்பே அறுந்துவிடும் போலிருந்தது.

இரவு இரண்டு மணிக்கு டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது லேப்டாப்பின் 8472 வாசலுக்கு முதலாவதின் உறைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ரூட்டர் நிரபராதி. உறை வருகிறது, உள்ளே போகவில்லை. அப்படியானால் வாசலில் நிற்பவன்தான் கிழித்துப் போடுகிறான்.

பிளானல் ஒவ்வொரு லேப்டாப்பிலும் உண்டாக்கிய மெய்நிகர் கார்டின் மேக் முகவரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூவருக்கும் தூக்கம் போனது. மூன்றும் ஒன்றே! ஓர் எழுத்துகூட மாறவில்லை.

காரணம் சோம்பல். முதல் லேப்டாப்பில் மட்டும் லினக்ஸைப் பொறுமையாக நிறுவிவிட்டு, அந்த வட்டை அப்படியே நகலெடுத்து மற்ற இரண்டிலும் இறக்கியிருந்தார்கள். பெயர்களை மாற்றினார்கள். லினக்ஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மெஷின் ஐடியை மாற்றவில்லை. சிஸ்டம்டி அந்த ஐடியிலிருந்துதான் மெய்நிகர் கார்டுக்கு மேக் முகவரி செய்து கொடுக்கிறது. பொட்டலம் வந்ததும், அனுப்பியவரின் முகவரி தன்னுடையதாகவே இருப்பதைக் கெர்னல் பார்க்கிறது. நாம் அனுப்பியதே சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டது என்று நினைத்துக் கீழே போட்டுவிடுகிறது. கெர்னல் செய்ததில் தப்பே இல்லை, சுற்றலைத் தடுக்க வைத்த காவல் அது. இவர்கள் போட்டிருந்தது பழைய பதிப்பு. பின்னால் வந்த பிளானலில் இந்தக் குழி அடைக்கப்பட்டது.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு திண்டுக்கல் பூட்டு. ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாகக் கையால் அராவுகிற பட்டறைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு ஒரே சாவியை மூன்றுக்கும் போட்டவர்களை என்ன சொல்வது :-)

பழைய ஐடியை அழித்து, மூன்றுக்கும் புதிதாக உண்டாக்கி, அந்த மெய்நிகர் கார்டை நீக்கிவிட்டு ரீபூட் செய்தபோது மணி நாலு. பக்கம் வந்தது. மறுபடி மறுபடி அழுத்தினார்கள், ஒவ்வொரு தடவையும் வந்தது. ரூட்டர் ஓட்டை என்றவன் ஒன்றும் பேசாமல் ரயிலடிப் பக்கம் போய் மூன்று டீ வாங்கி வந்தான்.

காலையில் ரெவ்யூவுக்கு வந்த பேராசிரியர் எதுவும் சொல்லாமல் நடுவில் இருந்த லேப்டாப்பை அணைத்தார். பக்கம் ஒரு நிமிடம் தடுமாறியது, பிறகு நின்றுகொண்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தத் தக்காளி விலை என்னைக்கு உள்ளது?"

மூன்று நாள் பழசு. விலையை ஏற்றுவதற்கு யாருக்கு நேரம் இருந்தது!