வகுக்கும் நெஞ்சம்

காஞ்சி மாநகரின் தென்பால் உள்ளது ஓரிக்கை. தறியொலி கேட்டு வாழும் ஊர் அது. அங்கு வாழ்ந்த என் பாட்டியார் சேலைகளை அடுக்கும் முறையே தனி. நெசவாளர் சேலைகளை நிறத்தாலும் எடையாலும் சரிகையாலும் வகைப்படுத்துவர். பாட்டியாரோ, தம் திருமணக் கூறைப் பட்டையும் சாயம் மங்கிய பருத்திச் சேலை ஒன்றையும் ஒரே துணியில் சுற்றி வைப்பார். "இவை எவ்வாறு ஓரினமாகும், பாட்டி?" என்று வினவினேன். "ஒன்று நான் மணநாளில் உடுத்தது, மற்றொன்று என் தாய் இறுதியாக உடுத்தது" என்றார். கண் பிரித்தவற்றை அன்பு சேர்த்து வைத்தது.

உணர்வு துணை செய்யாவிடின், அறிவு மட்டும் சரியாக வகுத்துவிடுமா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற மூளையியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் ஒரு நோயாளியை ஆராய்ந்தார். விபத்தில் தலையில் அடிபட்ட அவர், தாயின் முகத்தைக் கண்டும், அவர் தம் தாயைப் போன்ற வேறொருவர் என்றே சாதித்தார். தொலைபேசியில் குரலைக் கேட்டபோதோ, தாய் என்றே ஏற்றுக்கொண்டார். முகத்தை அறியும் மூளைப்பகுதிக்கும் உணர்வை எழுப்பும் பகுதிக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்தமையே இதற்குக் காரணம் என இராமச்சந்திரன் விளக்கினார். அன்பு எழாதபோது, பெற்ற தாயும் அயலார் ஆகிவிட்டார்!

நம் மூளை இரு பாதிகளால் ஆனது. அவற்றை நரம்பிழைகள் இணைக்கின்றன. வலிப்பு நோயைத் தணிக்க அவ்விழைகள் துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி, 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் கசானிகா, அத்தகைய ஒருவரின் இடப்பாதிக்குக் கோழியின் காலையும் வலப்பாதிக்குப் பனி மூடிய காட்சியையும் காட்டினார். பொருத்தமான படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். வலக்கை கோழியைச் சுட்டியது. இடக்கை பனி அள்ளும் மண்வாரியைச் சுட்டியது. பேசும் ஆற்றலுடைய இடப்பாதி பனியைக் காணவே இல்லை. ஆயினும் அது தயங்கவில்லை. கோழிக் கொட்டிலைத் துப்புரவு செய்ய மண்வாரி வேண்டும் என்று காரணம் கூறிற்று.

இடப்பாதி அறிவுக்கு, வலப்பாதி உணர்வுக்கு என்று கூறுவோர் உளர். அஃது உண்மையன்று; அறிவிலும் உணர்விலும் இரண்டிற்கும் பங்குண்டு. வகுத்தல் முன்னே நிகழ்வதும், காரணம் பின்னே வருவதும் உண்டு என்பதே நாம் கற்க வேண்டுவது.

சேலைகளை எவ்வாறு வகுத்தாலும் தீங்கில்லை. மக்களை நம்மவர், பிறர் என வகுக்கும்போதுதான் விழிப்பு வேண்டும். வெறுப்பு ஒருவரை ஒதுக்கிய பின், அதற்கேற்ற காரணத்தை அறிவு எளிதில் தேடித் தந்துவிடும். ஆதலின், எவரையும் அயலார் என ஒதுக்குமுன், அவரோடு அமர்ந்து உண்டு, உரையாடிப் பாருங்கள். உணர்வு மாறும், உணர்வு மாறினால் வகையும் மாறும்.