பாவை முகமும் பழைய வண்ணமும்

ஓய்வு நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றில் நாட்டஞ் செல்லும். சிலர் தோட்டஞ் செய்வர். சிலர் முத்திரை சேர்ப்பர். எனக்கு வாய்த்ததோ பாவைகளின் முகவண்ணத்தைக் களைந்து புதுவண்ணந் தீட்டும் பணி. தமிழாசிரியனுக்கு இஃது எதற்கு என்று நண்பர் நகைப்பதுண்டு. விடையை முடிவிற் கூறுவேன்.

அமெரிக்க நாட்டில் 1959ஆம் ஆண்டு பார்பிப் பாவையும், 1964ஆம் ஆண்டு ஜீ. ஐ. ஜோ என்னும் போர்வீரப் பாவையும் விற்பனைக்கு வந்தன. இவைபோல்வனவற்றைச் சேர்த்துவைப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். ஆலையில் எண்ணிறந்த தலைகளுக்கு ஒரே வகையாகக் கண்ணும் புருவமும் இடப்படுகின்றன. வண்ணம் மயிரிழை விலகினும் பார்வை கோணிவிடும். என் தங்கை மகள் தன் பாவையைக் கொணர்ந்து, "மாமா, இதின்ரை ஒரு கண் வேறெங்கேயோ பார்க்குது" என்றாள். அன்று தொடங்கியது இப்பணி.

முதலில் அறியவேண்டியது தலை எப்பொருளால் ஆனது என்பதே. மென்மையான வினைல் தலையாயின், நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றில் உள்ள அசற்றோன் வண்ணத்தை விரைவில் அகற்றும். அதே நீர்மம் ஏ.பி.எஸ். என்னும் வன்பிளாத்திக்கிற் பட்டாலோ, வண்ணத்தோடு முகமும் கரையும். ஐயமுள்ளவிடத்து ஐசோபுரோப்பைல் அற்ககோலே தக்கது. மெல்லச் செயற்படினும் ஊறு குறைவு. எதனையும் கழுத்தின் உட்புறத்தே ஒரு துளி இட்டுப் பார்த்த பின்னரே முகத்தைத் தொடல் வேண்டும்.

பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுநோக்கித் துடைத்தல் நன்று. இன்றேல் இதழின் செம்மை கன்னமெங்கும் பரவிக் கறையாகும். வினைலாயினும் அசற்றோனில் ஊறவிடலாகாது, உருக்குலையும். அசற்றோனின் ஆவி, சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 20 பாகைச் செல்சியசிலேயே தீப்பற்றவல்லது. ஆதலின் விளக்கும் நுளம்புச் சுருளும் அணுகாத, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. இறுதியிற் சவர்க்கார நீரிற் கழுவி உலரவிடுதல் வேண்டும்.

கண்ணும் புருவமும் நீங்கிய வெறுமுகத்தைக் கண்டு சிறுமி அஞ்சினாள். சாளரத்து ஒளியிற் சாய்த்துக் காட்டினேன். வண்ணத்தின்கீழ் மறைந்திருந்த இமைமடிப்பும், இதழ்க்கடையிற் சிறு முறுவலும் தெரிந்தன. "சிரிக்குது மாமா" என்றாள். அம்முறுவல் உருச்செய்தவன் கை அமைத்தது. அதன் போக்கைத் தொடர்ந்தே அக்கிரிலிக் வண்ணத்தை நீர்கலந்து மென்படைகளாகத் தீட்டினேன், பார்வையும் நேராயிற்று.

மாணவர் கட்டுரைகளைத் திருத்துங்கால் அவ்வெறுமுகம் என் நினைவில் எழும். வழிகாட்டி நூல்களினின்றும் மனனஞ்செய்த ஒரே தொடர்கள் நாற்பது கொப்பிகளிலும் காணப்படும். அவற்றை நீக்கவே வேண்டும். ஆயின் ஒரே கடுமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வாது. ஒருவன் சிவப்பு மையைத் தாங்கி அடுத்தமுறை தன் சொல்லில் எழுதுவான். மற்றொருவன் தனக்கென இருந்த இரண்டொரு சொல்லையும் இழந்து வாய்மூடிவிடுவான். பிள்ளையை அறிந்தே பேனாவை எடுத்தல் வேண்டும்.

எமது கல்லூரியில் எனக்குக் கற்பித்த ஆசான்மார் அவ்வாறே செய்தனர்.