நாமக்கல்லில் ஒரு 'டொக்'!

நாமக்கல் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது முட்டை. அடுத்தது, தலைக்கு மேல் கூரையே வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் நிற்கிற 18 அடி ஆஞ்சநேயர். மூன்றாவதாக ஒன்று உண்டு. பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். ஊருக்குள் நுழைகிற ரோட்டோரமெல்லாம் பாதி லாரிகள் நிற்கும். ஆமாம், பாதி! வெறும் சேஸிஸ், எஞ்சின், நாலு சக்கரமோ ஆறு சக்கரமோ. கம்பெனியிலிருந்து அப்படி அம்மணமாக வருகிற லாரிக்கு சட்டை தைத்துப் போடுகிற ஊர் இது. பாடி கட்டுவது, பெயின்ட் அடிப்பது, பின்னால் 'சத்தமாக ஹாரன் அடி' என்று எழுதுவது வரைக்கும் எல்லாம் இங்கேயே. கேஸ் டேங்கர் லாரிக்காரர்களுக்கும் இதுதான் தலைநகரம். பக்கத்திலேயே சங்ககிரி லாரிக்கு, திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்கு. சுற்று வட்டாரத்தில் யார் கையை மோந்து பார்த்தாலும் கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும்.

இப்படிப்பட்ட ஊர்ப் பக்கத்தில் கார் மக்கர் பண்ணுவது, ஆஸ்பத்திரி வாசலில் மயக்கம் போட்டு விழுகிற மாதிரி. கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கார் என் நண்பனின் அப்பாவுடையது. 1988 மாடல் பெட்ரோல் அம்பாசடர். பி.எஃப். பணத்தில் வாங்கி, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்து, பெற்ற பிள்ளைக்கு மேலாக வளர்த்தவர். பெற்ற பிள்ளைக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு! அவன் ஏற்கெனவே ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் விலை பேசி வைத்துவிட்டான். பெரியவர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "கொல்லிமலை அறப்பளீஸ்வரரை இந்த வண்டியிலேயே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை வண்டி வாயே திறக்கவில்லை. கள்ளக்குறிச்சி தாண்டியதும் அடியிலிருந்து 'டொக்'. கொஞ்சம் கழித்து இன்னொரு 'டொக்'. யாரோ பாயின்ட் பாயின்டாக எண்ணிச் சொல்கிற மாதிரி. ஆத்தூரில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், ஆக்ஸிலரேட்டரை நாலு தடவை உறுமவிட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

"பிக் எண்ட் பேரிங் போயிருச்சு. எஞ்சினை இறக்கணும். அறுபதாயிரம் ஆகும்."

நண்பன் என்னைப் பார்த்தான். அறுபதாயிரத்தைவிட இரும்பு வியாபாரி சொன்ன விலை குறைச்சல். பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. "நாமக்கல் வரைக்கும் மெதுவா உருட்டிட்டுப் போலாமே" என்றார். ராசிபுரம் வழியாக நாற்பதுக்கு மேல் போகாமல் உருட்டினோம். வழி முழுக்க யாரும் பேசவில்லை, 'டொக்'கைத் தவிர.

நாமக்கல்லில் நாங்கள் போய் நின்ற பட்டறைக்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். லுங்கி, நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விசாரணை ஆரம்பித்தார்.

"சத்தம் எப்பங்க வருது?"

"எப்பவும் வருதுங்க" என்றான் நண்பன்.

"எப்பவும் வர்ற சத்தம்னு ஒண்ணு கிடையாதுங்க தம்பி. இப்ப வருதுங்களா?"

வண்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப வரலை..."

"அப்ப எப்பவும் இல்லை."

வக்கீலுக்குப் போயிருக்க வேண்டியவர்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை வேகப்படுத்தச் சொன்னார். சத்தம் இல்லை. "பிக் எண்ட் போயிருந்தா இந்நேரம் உள்ளே கருமான் பட்டறையே நடக்கும். சுத்தறது கூடக் கூட அடியும் கூடும், ஆயில் பிரஷர் இறங்கும்" என்றார். அதைக் கண்டுபிடிக்கிற வித்தையையும் சொன்னார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டுமாம். டாக்டர் ஸ்டெத்தாஸ்கோப் மாதிரி. பிளக் ஒயரை ஒவ்வொன்றாக ஷாக் அடிக்காமல் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது அடி தணிகிறதோ அந்த சிலிண்டரில்தான் கோளாறு. மேட்டில் டாப் கியரில் இழுக்கும்போது கண்ணாடி டம்ளரில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குகிற மாதிரி கேட்டால் டைமிங்கைப் பார்க்க வேண்டும், அல்லது பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டும். தையல் மிஷின் மாதிரி 'டிக் டிக்' என்றால் டேப்பெட். பள்ளத்தில் மட்டும் வந்தால் புஷ், ஷாக் அப்ஸார்பர். மாருதி 800 மாதிரி முன் சக்கரம் இழுக்கிற வண்டியில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'கட கட' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், மனிதர் காதை நம்பவே இல்லை. கார் என்பது ஒரு தகர டப்பா. பின்னால் தட்டினால் முன்னால் கேட்கும். 'எங்கே வருது' என்று தேடினால் ஏமாந்து போவோம். 'எப்போது வருது' என்று கேட்டால் சத்தமே வந்து சரணடைகிறது.

அடுத்து, முதல் கியர் போட்டு இரண்டடி நகர்த்தச் சொன்னார். 'டொக்.' ரிவர்ஸ் போட்டு இரண்டடி. 'டொக்.' மறுபடி முன்னால். 'டொக்.'

"போதுங்க" என்றார்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, சாக்கு விரித்து அடியில் படுத்தார். என்னையும் கூப்பிட்டார். சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் நானும் ஊர்ந்தேன். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற நீள இரும்புக் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். ரோட்டின் மேடு பள்ளத்துக்குப் பின் ஆக்ஸில் ஏறி இறங்கும், எஞ்சின் இறங்காது. இந்த சம்பந்திச் சண்டையைச் சமாளிக்கத்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் யு-ஜாயின்ட் என்ற மூட்டு. அதற்குள்ளே கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸ். நாலு முனையிலும் நாலு கிண்ணம். கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாகப் பேரிங்.

ஒரு கையால் மூட்டின் இந்தப் பக்கத்தையும் மறு கையால் அந்தப் பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகினார். மூட்டு நடுவிலேயே ஆடியது. "டிஃபரன்ஷியல்ல கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டிக்கும் இருக்கும். இங்க இருக்கக் கூடாதுங்க." டார்ச் அடித்துக் காட்டினார். கிண்ணத்தைச் சுற்றிக் குங்குமம் பூசின மாதிரி செந்தூள். கிரீஸ் காய்ந்து, ஊசிகள் துருப்பிடித்து, தன்னைத் தானே அரைத்துக்கொண்ட தூள். வயசுக் கோளாறு. எஞ்சின் நிரபராதி!

"இதோடயே மலை ஏறியிருந்தா?" என்று கேட்டேன்.

"பாதி மலையில கிராஸ் உடைஞ்சா ஷாஃப்ட் கழண்டு அடிக்கும். பிரேக் பைப்பையும் பிச்சாலும் பிச்சிரும். எஞ்சின் பாட்டுக்கு சுத்தும், சக்கரத்துக்கு வேலை போகாது. மேட்டுல வண்டி பின்னால உருளும். எறக்கம்னா எஞ்சின் பிடிக்காதுங்க."

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பெரியவர் போய் டீ சொல்லிவிட்டு வந்தார். ஐந்து டீ. நாங்கள் இருந்தது நாலு பேர்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் சேர்த்து சாக்பீஸில் ஒரு கோடு போட்டார். திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் அதிருமாம். லாக்கை எடுத்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் தட்டிப் பழைய கிராஸை வெளியேற்றினார். இரண்டு கிண்ணத்தில் ஊசிகளே இல்லை, பொடிதான். பையன் சைக்கிளில் போய்க் கால் மணி நேரத்தில் புது கிராஸோடு வந்தான். முதலில் கிரீஸ், பிறகு ஊசிகள் சாய்ந்துவிடாமல் கிண்ணத்தை ஒவ்வொன்றாக நேராக இறக்கினார். சுத்தியல் அடிக்கிற கையா அது, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற கை!

சாமான், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். நண்பன் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

"முன் ஜாயின்ட் நல்லா இருக்கு. அதுக்கும் கிரீஸ் அடிச்சிருக்கேன். எண்ணெய் குடுத்தா வண்டி ஓடும், கிரீஸ் குடுத்தாத்தான் நிலைக்கும்ங்க ஐயா" என்று பெரியவரிடம் மட்டும் சொன்னார்.

சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்க வேண்டும். 'டொக்'குக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினோம். பத்து... இருபது... முப்பத்தேழாவதில் பின்னாலிருந்து 'டங்!' பெரியவர் ஓரம் கட்டினார். டிக்கியைத் திறந்தால், கயிறு அவிழ்ந்த ஜாக்கி.

மேலே செம்மேட்டில் வண்டியை நிறுத்தி வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தோம். நண்பனின் செல்போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன், இரும்பு வியாபாரி. அடித்து ஓயும் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தான்.

"டவர் இல்லைடா" என்றான்.

நாலு புள்ளி இருந்தது.